கட்டம் கட்டிய மூன்று வரி

ஏழு மதிப்பெண் கேள்விக்கு ஏழையும் முழுசாகப் போட எனக்கு மனசு வராது. இருபத்திரண்டு வருடமாகப் பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் திருத்துகிறேன். பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் எங்காவது ஓர் இடத்தில் ஒரு மதிப்பெண்ணைப் பிடுங்கினால்தான் எனக்குத் திருத்தியது போலிருக்கும். "முத்துசாமி சார் கைக்கு உங்க பேப்பர் போகாம இருக்கணும்னு சாமிய கும்பிட்டுக்கங்க" என்று மற்ற ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களிடம் சொல்வதாகக் கேள்வி. சாமியைக் கும்பிடாத எனக்கு முத்துசாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் முகாமில் எல்லோருக்கும் நான் "சாமி சார்". கேலிதான். பழகிப்போய்விட்டது.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த ஏப்ரலில் திருத்தும் முகாம். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். தாள்கள் வேறு ஏதோ மாவட்டத்திலிருந்து வருபவை. முகப்பைக் கிழித்துவிட்டு ஒரு எண்ணை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று எதுவும் தெரியாது. இந்த நாட்டில் ஒரு பிள்ளையை எதுவும் தெரியாமல் பார்க்கிற ஒரே இடம் அதுதான் என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்வதுண்டு.

எங்கள் அறையில் ஆறு பேர் திருத்தினோம். எங்களுக்கு மேலே முதன்மைத் தேர்வாளர் அறிவுச்செல்வன். தலைமையாசிரியர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது, அதை நிம்மதியாகக் கழித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அவருக்குப் பக்கத்து மேசையில் வேணி டீச்சர். நாங்கள் திருத்தி முடித்த தாளை மறுபடி புரட்டி, கூட்டல் சரியா, எங்காவது மார்க் போடாமல் விட்டிருக்கிறோமா என்று பார்ப்பது அவர் வேலை. விட்டுப்போன இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தாளைத் திருப்பி நீட்டுவார். அந்த வட்டத்துக்கு எல்லோரும் பயப்படுவோம். என் பெஞ்சில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் லப்பைக்குடிக்காட்டு சாகுல் ஹமீது. அவர் தம்பிகள் இருவரும் துபாயில் இருக்க, இவர் மட்டும் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்டார்.

நான்காம் நாள் காலை. பதினோராவது தாள். முப்பத்து நான்காவது கேள்வி, டார்வினின் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை விளக்குக. ஏழு மதிப்பெண்.

எனக்குப் பிடித்த கேள்வி. பெரும்பாலும் எனக்கு எரிச்சல் தருகிற விடைகளே வரும். குரங்கு மனிதனானது என்று நான்கு வரி எழுதி, கீழே குரங்கு மாதிரி ஏதோ ஒன்றை வரைந்து வைத்திருப்பார்கள். இந்தத் தாளில் அப்படி இல்லை. மிகை உற்பத்தி, வாழ்க்கைப் போராட்டம், மாறுபாடுகள், தக்கவை பிழைத்தல், புதிய சிற்றினம் தோன்றுதல் என்று ஐந்தும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே பாடநூலில் இல்லாத ஒரு எடுத்துக்காட்டு. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாகாமல் மிஞ்சுகிற பூச்சியே அடுத்த வருடம் வயலெல்லாம் நிற்கும் என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தது. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது வராது. யோசித்த பிள்ளைக்குத்தான் வரும். என் சிவப்புப் பேனா தானாகவே ஏழை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் விடைக்குக் கீழே அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து, பென்சிலால், நேர்த்தியாகப் போட்ட கட்டம். உள்ளே மூன்று வரி.

"மேலே எழுதியது பாடம். கடவுள் படைத்தார் என்றே நான் நம்புகிறேன். பொய் எழுதியதாக ஆகிவிடக் கூடாது என்பதால் இதையும் எழுதினேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, பழைய கோபம். அது இந்தத் தாளின் மேல் வந்தது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டது இந்தத் தாள்தான்.

அந்தப் பழைய கோபத்தின் பெயர் இலக்கியா.

போன வருடம் என்னிடம் பத்தாவது படித்தவள். கல்லங்குறிச்சிப் பெண். எங்கள் பக்கத்து ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்தால் கல்லாகிப் போன சங்கும் கிளிஞ்சலும் வெளியே வந்து கிடக்கும். கடல் இருந்த இடம். நான் வருடா வருடம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். மற்றவர்கள் அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விடுவார்கள். இலக்கியா மட்டும் குனிந்த தலை நிமிராமல் தேடுவாள். சுருள் சுருளாக ஒரு சங்கைக் கண்டுபிடித்து, "சார், இதுக்குள்ள இருந்தது எதத் தின்னுச்சு?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அந்தச் சங்கை அவளுக்கே கொடுத்துவிட்டேன். இவள் பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுப்பாள், கல்லூரியில் நிலவியலோ விலங்கியலோ படிப்பாள் என்று எனக்குள்ளேயே முடிவு செய்துவைத்திருந்தேன்.

திருப்புதல் தேர்வில் இதே கேள்வி. அவளுக்கு ஏழுக்கு ஏழு. பெருமையில் தாளை வகுப்பின் முன்னால் தூக்கிக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்ப நம்புறியாம்மா?" என்று கேட்டேன். ஆமாம் என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். "புரியுது சார். ஆனா பெருமாள்தான் படைச்சாருன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மழுப்பவில்லை. "கல்லுக் கம்பத்தக் கும்பிடுற ஊர்ல பொறந்தவகிட்ட வேற என்ன எதிர்பார்க்கறது? மூளைய வூட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்ட போல." வகுப்பு சிரித்தது. கலியுக வரதராசப் பெருமாள் கல்லங்குறிச்சிக் கோயிலில் கல் கம்பமாகத்தான் நிற்கிறார். அவள் அப்பா விதைக்கிற முதல் விதையும் அறுக்கிற முதல் கதிரும் அங்கேதான் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வருடம் முடியும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொதுத்தேர்வில் அறிவியலில் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்தாள். ஏன் என்று அவள் அப்பாவைக் கேட்டதற்கு, "அதுக்கு சயின்ஸ் புடிக்கலையாம் சார்" என்றார். இப்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் டியூஷன் முடிந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்பாள். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பேப்பர் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. ஆளுக்கு ஒரு வடை. தாளை சாகுல் ஹமீது பக்கம் தள்ளினேன்.

"இத பாருங்க பாய்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விடை முழுவதையும் படித்தார். பூச்சிமருந்து இடத்தில் "அட" என்றார். கட்டத்தையும் படித்தார். தாளை மடிக்காமல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நல்ல புள்ள. ஏழு போட்டுடுங்க."

"விடைத்தாள்ல தேவையில்லாத வாசகம் எதுவும் எழுதக் கூடாதுன்னு விதி இருக்குல்ல? நான் புகார் எழுதிக் குடுக்கப் போறேன்."

"எதுக்கு சார்? புள்ள யாரையும் திட்டலையே. மார்க்கு போடுங்கன்னு கெஞ்சலையே."

"பாய், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க நம்புறீங்களா பரிணாமத்த?"

அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஆதம் நபிய நம்புறவன் சார். இதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

"அப்புறம் வகுப்புல எப்படி நடத்தறீங்க?"

"நல்லா நடத்தறேன். எங்க பசங்க இந்தக் கேள்விய விடவே மாட்டாங்க. டார்வின் என்ன சொன்னாரு, எதை வெச்சு சொன்னாரு, அவருக்கு அப்புறம் என்னென்ன ஆதாரம் கெடச்சுதுன்னு ஒண்ணு விடாம சொல்லுவேன். ஒரு வரி கொறைக்க மாட்டேன். 'நீங்க நம்புறீங்களா சார்'னு கேட்டா, என் நம்பிக்கை சிலபஸ்ல இல்லப்பா, பரீட்சைக்கு வராதுன்னுடுவேன்."

"அது ரெட்டை வேஷம் இல்லையா?"

கேட்ட பிறகுதான் வார்த்தை தடித்துவிட்டதை உணர்ந்தேன். அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கலாம் சார். ஆனா அரசாங்கப் பள்ளிக்கூடத்துல என் வேலை பாடத்தக் குடுக்கறது. குடுத்துட்டுப் பதிலுக்கு அவன் மனச வாங்கிக்கறது என் வேலை இல்ல. அத நீங்க செய்யறீங்க, பள்ளிவாசல்ல ஹஜ்ரத்தும் செய்யறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் புள்ள நிக்குது."

எனக்கு இது பொறுக்கவில்லை. ஹஜ்ரத்தோடு என்னை ஒரே தட்டில் வைத்துவிட்டாரே. "நான் சொல்றது நம்பிக்கை இல்ல பாய். ஆதாரம். எங்க ஓடையில கெடக்குது, கையில எடுத்துப் பாக்கலாம். இதுல நம்பறது நம்பாதது எங்க வருது? நாளைக்கு ஒருத்தன் பூமி தட்டைன்னு கட்டம் கட்டி எழுதுவான். அதுக்கும் மார்க் போடுவீங்களா?"

"மேல பூமி உருண்டைன்னு சரியா எழுதிட்டுக் கட்டம் கட்டினா, போட்டுத்தானே சார் ஆகணும்? கீ ஆன்சர்ல அவ்வளவுதானே இருக்கு."

பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வகுப்புல நம்புற பசங்க எத்தன பேரு சார் புரிஞ்சு நம்புறாங்க? சாமி சார் சொன்னாரு, அதனால சரின்னுதானே நம்புறாங்க? இந்தப் புள்ள புரிஞ்சுக்கிட்டு நம்பலைங்குது. எனக்கென்னமோ இதுதான் பெருசாத் தெரியுது. நாளைக்கே மாத்திக்கிட்டாலும் மாத்திக்கும். அதுக்கான சாமான் எல்லாம் உள்ள போயிடுச்சுல்ல."

தொடாத வடையை ஓரமாகத் தள்ளினேன். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இன்னும் ஏறும். அது என் பிறவிக் குணம்.

"பாதிப் பசங்க முதல் பக்கத்து மேல பிள்ளையார் சுழி போடறாங்க. எங்க புள்ளைங்க 786 போடுதுங்க. அதுக்கெல்லாம் எழுதிக் குடுத்தமா?" என்றார் சாகுல் ஹமீது.

"அது பழக்கம். கை தானா போடறது. இது கருத்து. யோசிச்சு, ஸ்கேல் வெச்சு எழுதின கருத்து. ரெண்டும் ஒண்ணில்ல பாய்."

இந்த வாக்கியத்தை நான் சத்தமாகத்தான் சொன்னேன். அறை முழுவதும் கேட்டது. வேணி டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டலில் இறங்கினார்.

அறிவுச்செல்வன் சாரிடம் தாளைக் கொண்டுபோனேன். அவர் கட்டத்தைப் படித்துவிட்டு, வயிற்று வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"விதின்னு பாத்தா தப்புதான் சாமி சார். நான் இல்லைங்கல. ஆனா நீங்க எழுதிக் குடுத்தா நான் முகாம் அலுவலருக்கு அனுப்பணும். அவரு சென்னைக்கு அனுப்புவாரு. அங்க விசாரணை முடியற வரைக்கும் ரிசல்ட்ட நிறுத்தி வெச்சுடுவாங்க. எப்ப விடுவாங்கன்னு சொல்ல முடியாது."

"பிளஸ் ஒன் அட்மிஷன் அதுக்குள்ள முடிஞ்சிடும் சார்" என்றார் வேணி டீச்சர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்த கேள்வியெல்லாம் பாத்தீங்களா? எழுபதுக்கு மேல வரும் போலிருக்கு. நல்ல குரூப் கெடைக்கற புள்ள."

ஒரு நொடி தயங்கினேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அத்தனை பேர் பார்க்கச் சொல்லிவிட்டேன். பின்வாங்கினால் சாமி சார் சாமிக்குப் பயந்துவிட்டார் என்பார்கள். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள். "விடைத்தாளில் பாடத்துக்குப் புறம்பான சமயக் கருத்து எழுதப்பட்டிருத்தல் தொடர்பாக." எனக்கு மனு எழுதுவது கைவந்த கலை. ஆசிரியர் சங்கத்துக்கு எத்தனை எழுதியிருக்கிறேன். பொதுத்தேர்வு என்பது மதச் சார்பற்ற நடைமுறை என்றும், இத்தகைய அடையாளங்கள் தேர்வின் நடுநிலையைக் கெடுக்கும் என்றும், இதைக் கண்டும் காணாமல் விடுவது தவறான முன்னுதாரணம் ஆகும் என்றும் ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு, தாளின் எண்ணையும் குறித்து, அறிவுச்செல்வன் சாரிடம் நீட்டினேன். அவர் எண் சரியா என்று பார்க்கச் சொல்லி வேணி டீச்சரிடம் தள்ளிவிட்டார்.

வேணி டீச்சர் எண்ணைச் சரிபார்த்தார். மனுவை மேலிருந்து கீழ்வரை படித்தார். பென்சிலை எடுத்தார். ஒரு சின்ன வட்டம் போட்டார். வழக்கம்போல என்னிடம் திருப்பி நீட்டினார்.

தேதியை விட்டுவிட்டேன் போலும் என்று நினைத்து வாங்கினேன். தேதி இருந்தது. வட்டம் தாளின் உச்சியில், நடுவில் இருந்தது. வட்டத்துக்குள் என் கையெழுத்தில், நீல மையில், ஒரு "உ". அதன் அடியில் ஒரு சின்னக் கோடு.

பிள்ளையார் சுழி.

நான் அதை எப்போது போட்டேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சத்தியம் என்ற வார்த்தையைக்கூட இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டின் மேல் போடச் சொல்லி என் அம்மா கையைப் பிடித்துப் பழக்கியது. சாமி இல்லை என்று நான் முடிவுக்கு வந்தது பதினேழு வயதில். அந்தச் செய்தி என் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

என் இடத்துக்குப் போய் அன்று காலை எழுதிய மதிப்பெண் படிவத்தைப் பார்த்தேன். மேலே உ. முந்தின நாள் நகலை எடுத்தேன். அதிலும் உ. அதற்கும் முந்தின நாள். நான்கு நாளும். யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அறையில் பெரும்பாலோர் படிவத்திலும் அது இருந்தது. சாகுல் ஹமீது படிவத்தில் எதுவும் இல்லை. அவர் பிஸ்மில்லாவை வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். படைத்தவனை நம்புகிற அவர் தாள் சுத்தமாக இருந்தது.

அறிவுச்செல்வன் சார் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக மனுவைப் பார்த்தார். அந்த நான்கு நாளில் அவர் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இது பழக்கமா சாமி சார், கருத்தா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கபடி அனுப்பிடறேன்."

அறையே சிரித்தது. என் வகுப்பில் அன்று சிரித்தார்களே, அதே மாதிரி. முன்னால் நின்று கேட்கும்போது அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காது சூடாகிறது. எதைப் பிடித்துக்கொள்வது என்று கைக்குத் தெரியவில்லை. பதினைந்து வயதில் ஒருத்தி இதை வாங்கிக்கொண்டு அழாமல் உட்கார்ந்தாள்.

சாகுல் ஹமீது சிரிக்கவில்லை. என் டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் நகர்த்தி வைத்தார். "சாப்புடுங்க சார். சாம்பார் சாதம் ஆறிப்போச்சு."

மனுவை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டார்வின் சொன்னது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் வரவில்லை, இன்றும் இல்லை. ஓடையில் கிடக்கிற சங்கு பொய் சொல்லாது. ஆனால் அந்தப் பிள்ளையின் கை எழுதியது ஒன்று, மனசு நினைத்தது வேறு. அதைக் கண்டுபிடித்து, கட்டம் கட்டி, ஒப்புக்கொண்டுவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அது தெரியவில்லை. வேணி டீச்சர் வட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

மதியம் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். ஐந்து கருத்துக்கும் சிவப்பில் சரி போட்டேன். ஓரத்தில் 7 என்று எழுதினேன். பிடுங்க ஒன்றும் தேடவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளை எழுதிய எந்த இடத்திலும் சிவப்பு மை படாமல் இருக்கக் கூடாது. பட்டால்தான் திருத்துபவர் அதைப் பார்த்தார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் வேணி டீச்சர் வட்டம் போடுவார். கட்டத்துக்கு என்ன போடுவது? சரி போட்டால் நான் ஒப்புக்கொண்டதாகும். அது என்னால் முடியாது. தப்புப் போட்டாலோ குறுக்கே கோடு இழுத்தாலோ, உண்மையைச் சொன்னதற்கு அடித்ததாகும். அதை ஒருமுறை செய்துவிட்டேன். கடைசியில் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், "படித்தேன்" என்று சின்னதாக எழுதி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.

வேணி டீச்சர் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது ஓரத்தில் இருந்ததைப் படித்தார். பென்சிலை எடுக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். செய்முறை போக, எழுபத்தைந்துக்கு எழுபத்திரண்டு.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஐந்தரை மணி. கல்லங்குறிச்சியில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பெருமாளுக்குக் காணிக்கையாக நெல் மூட்டையும் கம்பு மூட்டையுமாகச் சனம் டவுன் பஸ்ஸுக்கு நின்றது. பேப்பர் கடை ஓரமாக இலக்கியா நின்றுகொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் போக என் கால் திரும்பியது. கைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றால் காலும் அப்படித்தான். திருப்பிக்கொண்டு நேராகப் போனேன்.

"வணக்கம் சார்" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இலக்கியா, அன்னிக்கு வகுப்புல நான் பேசினது தப்பும்மா. நீ உண்மையச் சொன்ன. நான் கேலி பண்ணிட்டேன். அத உங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு வாத்தியார் பஸ் ஸ்டாண்டில் மன்னிப்புக் கேட்பதை யாராவது பார்த்துவிட்டால் எனக்கு அவமானம் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

"பரவால்ல சார். அதெல்லாம் மறந்துட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். புத்தகத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "நீங்க குடுத்த சங்கு இன்னும் இருக்கு சார்" என்றாள்.

"எங்க வெச்சிருக்க?"

தயங்கினாள். நான் திட்டுவேனோ என்ற தயக்கம். "சாமி மாடத்துல சார். பெருமாள் படத்துக்குப் பக்கத்துல." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அடியில சீட்டு ஒட்டியிருக்கேன் சார். 'ஏழு கோடி வருஷம், கடல்ல இருந்தது'ன்னு. வூட்டுக்கு யாரு வந்தாலும் எங்கப்பா எடுத்துக் காட்டி அதத்தான் சொல்லுவாரு."

நான் இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதி எந்த வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாததை அவள் ஒரு சீட்டில் எழுதிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள்.

"அது எதத் தின்னுச்சுன்னு கேட்டியே" என்றேன். "அன்னிக்கு எனக்குத் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சேன். அது நத்தை ஜாதி இல்லியாம், கணவாய் மீன் ஜாதியாம். சின்னச் சின்ன நண்டு, இறால் மாதிரி ஜீவன் எல்லாம். கையால புடிச்சுத் திங்குமாம். சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ கேக்கறத நிறுத்திட்ட."

அவள் முகத்தில் பழைய ஓடைக்கரை ஒரு நிமிடம் வந்தது. "அதுக்கு எத்தன கை சார்?" என்று ஆரம்பித்தாள்.

கல்லங்குறிச்சி பஸ் வந்துவிட்டது. மூட்டைகளோடு சனம் முண்டியடித்தது. அவள் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு, வணிகவியல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஏறினாள்.